நிலவறையில் கத்திய வாத்துகள்

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அக்காவுக்கு இருமல் குறைந்ததா? வாத்துகள் நானூறும் சௌக்கியமா? போனில் கேட்டால் "ம்", "சரி", "வெச்சிடுறேன்" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால்தான் உங்களுக்கு வாய் திறக்கிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஒரு நல்ல செய்தி. நான் டிரம்பெட் வாசிக்கிற ஜாஸ் கிளப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். பழைய கட்டடம் ஒன்றின் நிலவறை, நாற்பது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். இத்தனை நாள் அடுத்தவர் கட்டிய பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தமாக ஒன்று கட்டியிருக்கிறேன். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வாசிக்கிறோம், அதைக் கேட்கவென்றே ஆட்கள் வருகிறார்கள். கிளப் முதலாளியம்மா யாரையும் லேசில் பாராட்டமாட்டார். அவரே கூப்பிட்டு, "இதுதான்யா உன் பாட்டு, விட்டுடாத" என்றார்.

அந்தப் பாட்டு அக்காவைப் பற்றியது. அவளிடம் இப்போது சொல்லிவிடாதீர்கள். இந்த மாதக் கடைசி ஞாயிறு நீங்கள் இருவரும் வர வேண்டும். ஆட்டம் பகல் மூன்று மணிக்கு. காலை ரயிலில் வந்தால் அன்றைக்கே திரும்பிவிடலாம். வாத்தைக் காரணம் காட்டித் தப்பிக்க வேண்டாம், பக்கத்துக் கொட்டாய்க்காரம்மா ஒரு நாள் பார்த்துக்கொள்வார்.

அம்மா போனபோது எனக்கு நான்கு வயது. அக்காவுக்குப் பதினாறு. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வாத்து மேய்த்தவள் அவள். எந்த இடத்துக்குப் போனாலும் பின்னால், கதவோரம்தான் நிற்பாள். ஒரே ஒரு முறை அவள் முன்வரிசையில் உட்கார வேண்டும். மேசை சொல்லி வைத்துவிட்டேன்.

உங்கள் அன்பு மச்சினன்

பிப்ரவரி 3

மாப்ளைக்கு மாமா எழுதிக்கிறது.

'இங்க நாங்க சுகம்'னு ஆரம்பிக்கணும்னுதான் உக்காந்தேன். கை வரல. அந்த வரிய விட்டுட்டு மேல போறேன். எழுத்து கோணலா இருந்தா சிரிச்சுக்க. நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன், வாத்த ஓட்டிக்கிட்டு ரோட்டோரமா நடக்கும்போது லாரி முதுகுல இருக்கிறதப் படிச்சுப் படிச்சு எழுத்துக் கத்துக்கிட்டவன். 'ஒலி எழுப்பவும்', அதுதான் நான் முதல்ல படிச்சது. அப்புறம் 'இடைவெளி விடவும்'. அது ரெண்டும் தெரிஞ்சாலே பாதிப் பொழப்ப ஓட்டிடலாம்.

திரும்பி வந்து எட்டு நாளாச்சு. எட்டு நாளா எனக்குக் குமட்டிக்கிட்டே இருக்கு. வயித்துக் கோளாறு இல்ல. உன் இடத்த நெனச்சா குமட்டுது.

மொதல்ல இருந்து சொல்றேன். உன் அக்கா அன்னிக்குக் காலையில மூணு மணிக்கே எழுந்துட்டா. கல்யாணம் காச்சிக்குன்னு மடிச்சு வெச்சிருந்த நீலத் துணிய எடுத்துக் கட்டிக்கிட்டா. தலைக்கு எண்ணெய் வெச்சு, அப்புறம் எண்ணெய் அதிகமாயிடுச்சுன்னு சோப்புப் போட்டு, அப்புறம் முடி பறக்குதுன்னு மறுபடி எண்ணெய். "யாரு பாக்கப் போறா?"ன்னேன். "தம்பி பாப்பான்ல"ன்னா. ரயில்ல ஜன்னலோரம் உக்காந்து ஏரியப் பாத்தா ஏரியில தண்ணி இருக்கான்னு பாக்குறது, வயலப் பாத்தா அறுப்பு முடிஞ்சுதான்னு பாக்குறது. "இங்க நம்ம வாத்த விட்டா ஒரு மாசம் தாங்கும்"னு சொல்லிக்கிட்டே வந்தா. எதிர் சீட்டுல ஒரு வக்கீலு, எங்கள ஒரு மாதிரியாப் பாத்துட்டு காலத் தூக்கி உள்ள வெச்சுக்கிட்டாரு. அத விடு.

உன் தெருவுக்கு வந்தோம். துணி வெளுக்கிற கடைக்கும் பூட்டுச்சாவிக் கடைக்கும் நடுவுல ஒரு கதவு. வெளிய வெயில் கண்ணக் குத்துது. அந்த வெயில்ல நல்லா உடுத்துன ஆம்பளையும் பொம்பளையும் வரிசையா நின்னு ஒரு பொந்துக்குள்ள எறங்குறாங்க. பத்தொம்பது படி. கைப்பிடியப் புடிச்சேன், பிசுபிசுன்னு ஒட்டுச்சு. "கைப்பிடியத் தொடாத"ன்னு உன் அக்கா காதுல சொன்னேன். அவ ஏற்கெனவே தொட்டுட்டு, கைய எங்க தொடைக்கிறதுன்னு தெரியாம தூக்கிப் புடிச்சுக்கிட்டு வந்தா.

நாத்தம் எனக்குப் புதுசில்ல மாப்ள. முப்பது வருசம் வாத்துக் கொட்டாயில புழங்குறவன். ஆனா கொட்டாய் நாத்தத்துல ஒளிவு மறைவு கெடையாது. வாத்து பேண்டா பேண்ட நாத்தம், மழை பெஞ்சா சேத்து நாத்தம். உன் பொந்துல அடிச்சது வேற. தரையில விரிச்ச கம்பளம் பத்து வருசமா பீரக் குடிச்சிருக்கு, அதுக்கு மேல ஊதுவத்திய ஏத்தி வெச்சிருக்கீங்க, அதுக்கு மேல உன் முதலாளியம்மா அடிச்ச செண்டு, சுவத்துல ஓதம். ஈரத் துணிய மூட்டை கட்டி மூணு நாள் வெச்சுப் பிரிச்ச மாதிரி. தலைக்கு மேல தடிமனா ஒரு குழாய் போகுது. மேல ஓட்டல்ல யாரோ கக்கூசுல தண்ணி ஊத்துறது அந்தக் குழாயில கடகடன்னு எறங்குது. நீங்க மெதுவா வாசிக்கிறப்பல்லாம் அது சத்தமாக் கேட்டுச்சு. யாரும் அண்ணாந்துகூடப் பாக்கல. நான் மட்டும் எங்க ஒழுகுமோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.

பக்கத்து மேசைக்காரன், மோதிரம் போட்டவன், உருளைக்கெழங்கு வறுவலக் கொழம்புல தோச்சுத் தோச்சுத் தின்னுட்டு அஞ்சு வெரலயும் ஒண்ணொண்ணா வாயில விட்டு எடுத்தான். எடுத்த கையோட எனக்குக் கை குடுத்தான். "நீங்கதான் அவரோட மாமாவா?"ன்னான். நான் கை குடுத்தேன். என்ன செய்ய, உன் மானம்.

உங்க ஆளுங்களப் பத்தியும் சொல்லிடுறேன். அந்த மொட்டத் தலைக்காரன் தொடப்பத்த வெச்சு டிரம்மக் கூட்டிக்கிட்டே இருந்தான், கூட்டி முடிப்பான் முடிப்பான்னு பாத்தேன், முடிக்கல. இன்னொருத்தன் ஆள் உசர வயலின் ஒண்ணக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, குடிகாரன் விளக்குக் கம்பத்தப் புடிச்ச மாதிரி சாஞ்சு நின்னான். ஒருத்தன் வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே நடுவுல கை தட்டுறாங்க. பேசிக்கிட்டு இருக்கும்போது யாராவது முதுகத் தட்டி 'போதும்'னு சொன்னா எப்படி இருக்கும்? அப்புறம் நீ. ஊதி முடிச்சுட்டு அந்தக் குழாயில ஒரு குமிழ அமுக்கி உள்ள இருந்த எச்சில கம்பளத்து மேல சொட்டுச் சொட்டா விட்ட. எங்க மேசைக்கு ரெண்டடி தூரத்துல. உன் அக்கா அதையும் பெருமையாத்தான் பாத்துக்கிட்டு இருந்தா.

இதெல்லாம் நான் பொறுத்துப்பேன். உன் பொழப்பு அது. என் பொழப்புல இதவிட அசிங்கம் உண்டு.

அதுக்கப்புறம் நீ மைக்கப் புடிச்ச.

வாத்துக்காரன் வீட்டுல கூப்பாடுன்னா என்னான்னு உனக்கு நான் சொல்லணுமா? வீட்டுக்கு ஒரு கூப்பாடு. குஞ்சா இருக்கும்போதே காதுல போட்டு வளக்குறது. ரெண்டு பேரு மந்தை ஒரே வயல்ல கலந்துபோனாலும், பொழுது சாயும்போது ஆளுக்கொரு பக்கம் நின்னு கூப்பிட்டா அதது பிரிஞ்சு வந்துடும். அதனாலதான் வெளியாளுக்குக் கத்துக் குடுக்கிறதில்ல. எவன் வாயில அது இருக்கோ அவனுக்கு மந்தை. உன் அக்கா கூப்பாடு ஒரு நீள இழுப்பு, மூணு வெட்டு, கடைசியில மூச்சு வாங்குறாப்ல ஒண்ணு. அந்த மூச்சு அவளுக்கு எப்படி வந்துச்சு? உன்ன இடுப்புல தூக்கிக்கிட்டே கூப்பிட்டதுல வந்துச்சு.

நீ அத அப்படியே வாயால கூப்பிட்ட. அச்சு அசல். எனக்கே திடுக்குன்னு ஆச்சு. கூப்பிட்டுட்டு என்ன சொன்ன? "இது எங்க அக்கா. இவங்க இப்படிக் கூப்பிட்டா வாத்து நானூறு வரும். மாப்பிள்ளை மட்டும் முப்பது வயசு வரைக்கும் ஒருத்தனும் வரல." கூட்டம் சிரிச்சுச்சு. "இதோ இங்கதான் உக்காந்திருக்காங்க"ன்ன. எவனோ ஒருத்தன் விளக்க எங்க மேசை மேல திருப்புனான். உன் அக்கா எண்ணெய்த் தலையோட கண்ணு கூசிக்கிட்டு உக்காந்திருக்கா. "நான் ஊதுறேன், நீங்கதான் வாத்து"ன்னு கூட்டத்துக்குச் சொன்ன. நீ ஊதுன. மூணு வெட்டு வர்ற எடத்துல மொத்தப் பொந்தும் அவ மூஞ்சப் பாத்து "குவாக் குவாக் குவாக்"னு கத்துச்சு. மோதிரக்காரன் கைய அக்குள்ல வெச்சு இறக்கை அடிச்சுக் காட்டுனான்.

ஒருத்தனும் வரலையா? நான் யாருடா? எனக்குத் தொண்டை கட்டிக் குரல் வராம வாய்க்கா மேட்டுல நின்ன அன்னிக்கு, அவ அந்தப் பக்கம் நின்னு ஒரு கூப்பாடு போட்டா. அவ வாத்தோட சேந்து என் வாத்து பாதி அவ பின்னாடி போயிடுச்சு. வாத்தக் கேக்கலாம்னு பின்னாடியே போனேன். உள்ள வரச் சொன்னா. நீ அப்ப பதினெட்டு வயசு, மூலையில உக்காந்து பாடம் படிச்சுக்கிட்டு இருந்த. முப்பது வயசு வரைக்கும் வந்தவங்களையெல்லாம் அவ ஏன் திருப்பி அனுப்புனா? உனக்காக. அத அந்த மைக்குல சொல்லியிருக்கலாம்.

அவ எழுந்து மேல போயிட்டா. நானும் பின்னாடியே போனேன். பூட்டுச்சாவிக் கடை வாசல்ல நின்னுக்கிட்டு கையத் தொடச்சுக்கிட்டு இருந்தா. பாட்ட முடிச்சுட்டு நீ ஓடி வந்து, "எப்படிக்கா இருந்துச்சு?"ன்ன. "நல்லா இருந்துச்சுப்பா"ன்னா. ரயில்ல ஜன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்துட்டா. இங்க வந்து எட்டு நாளா வாத்தக் கூப்பிடல. வயலுக்கு வர்றா, பொழுது சாஞ்சா தடியக் கையில எடுத்துக்குறா. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்னு அடிச்சு விரட்டி அடைக்கிறோம். ஒரு கூப்பாட்டுல முடியிற வேலை, ரெண்டு மணி நேரம் ஆகுது.

அந்தப் பாட்ட நிறுத்திடு. வேற ஒண்ணும் கேக்கல.

மாமா

பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இரண்டாம் முறை அழுதேன், நான்காம் முறை கோபம் வந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் சின்ன விஷயம். அது எச்சில் இல்லை மாமா. மூச்சில் இருக்கிற ஈரம் குழாயில் தண்ணீராகச் சேரும், அதைத்தான் இறக்கிவிடுவோம். எல்லோரும் செய்வது.

அடுத்து, அந்தப் பேச்சு. நிலவறைக்கு வருகிறவர்கள் வாரமெல்லாம் அலுத்துப்போய் வருகிறார்கள். எடுத்ததும் அழுகையோடு ஆரம்பித்தால் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். முதலில் சிரிக்க வைத்து, அவர்கள் அசந்திருக்கும்போதுதான் உள்ளே நுழைய வேண்டும். அதற்காகத்தான் வாத்து, அதற்காகத்தான் கேலி. அதற்குப் பிறகு இரண்டாம் பாதி இருக்கிறது. அந்தக் கடைசி மூச்சை மட்டும் எடுத்து, மெதுவாக, ஏழு நிமிடம் வாசிக்கிறேன். கத்தியவர்களே அப்போது கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அக்கா அதைக் கேட்கவே இல்லை. அவளுக்காகக் கட்டியது அந்தப் பாதிதான். அவள் அதற்கு முன்பே படியேறிவிட்டாள். என் வருத்தம் யாருக்குத் தெரியும்?

வெளியாளுக்குக் கூப்பாட்டைக் கற்றுக்கொடுத்துவிட்டேன் என்கிறீர்கள். இங்கே யாரிடம் வாத்து இருக்கிறது? யார் யாருடைய மந்தையைப் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள்? அதுவும் போக, அந்தக் கூப்பாட்டைக் கேட்டுத்தான் நான் தூங்கினேன், எழுந்தேன். நானும் அந்த மந்தையில் ஒன்றுதான். எனக்கு அதில் பாத்தியதை இல்லையா?

இன்னொன்று. எழுத வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் மொத்தப் பழியையும் என் தலையில் வைத்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றைக்கு விளக்கு உங்கள் மேசை மேல் இருந்தது. மேடையிலிருந்து எல்லாமே தெரிந்தது. நீங்களும் கத்தினீர்கள் மாமா. மோதிரக்காரர் உங்கள் தோளைத் தட்டினார், நீங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்று முறை கத்தினீர்கள். அக்கா திரும்பி உங்களைத்தான் பார்த்தாள். என்னை அல்ல. அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மச்சினன்

மார்ச் 17

மாப்ளைக்கு,

ஆமா. கத்துனேன்.

ஒரு மாசமா இந்த ரெண்டு வார்த்தைய எழுத முடியாமத்தான் பதில் போடல. அவன் தோளத் தட்டுனான். எல்லாரும் கத்துறாங்க, நான் மட்டும் கத்தாம உக்காந்திருந்தா பட்டிக்காட்டான்னு நெனச்சுப்பாங்களோன்னு ஒரு நிமிசம். பட்டிக்காட்டான்தானே நான்? அத மறைக்கிறதுக்கு வாத்து மாதிரி கத்துனேன் பாரு. உன் பொந்து நாத்தத்த ரெண்டு பக்கம் எழுதுனேன், என் வாய் நாத்தத்த எழுதல. எச்சிலத் தரையிலயாவது விட்ட நீ. நான் அவ மூஞ்சியிலயே விட்டேன்.

சரி. இப்ப சொல்லப்போறத உக்காந்துக்கிட்டுப் படி.

நேத்து முட்டைக்காரர் லாரி வந்துச்சு. நல்ல மனுசன், எண்ணிக்கையில கை வெப்பாரு, மத்தபடி நல்லவரு. அவருக்கு ஒரு பழக்கம், வண்டி நின்னாலும் பாட்டு நிக்கக் கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திட்டு எறங்கி, "அக்கா! உங்க தம்பி போன்ல ஓடுறாரு பாருங்க, எங்க வீட்டுல எல்லாரும் வாத்து மாதிரி கத்துறோம்!"னு வாயெல்லாம் பல்லா வந்தாரு. உங்க கிளப்புல படம் புடிச்சு விட்டிருக்காங்களாமே. லாரியில இருக்கிற பாட்டுப் பெட்டியில சத்தத்தக் கூட்டி வெச்சாரு. நாங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம், அறுத்த வயல்ல. நான் "வேணாம் வேணாம்"னு கையக் காட்டுறேன், அவரு 'பரவால்ல, காசு ஒண்ணும் வேணாம்'னு கையக் காட்டுறாரு.

நீ வாயால கூப்பிட்டது கேட்டுச்சு.

வாத்து ஏழு வாரமா அந்தக் குரல் கேக்காம கெடந்துச்சு மாப்ள. நானூறு தலையும் ஒண்ணாத் தூக்குச்சு. அப்படி ஓடி நான் பாத்ததில்ல. வரப்பத் தாண்டி, ரோட்டுல ஏறி, நேரா அந்த லாரிக்கு. செங்கல் லாரி ஒண்ணு வளைவுல வருது. உன் அக்கா பாத்துட்டா. ஏழு வாரமா மூடியிருந்த வாயத் தெறந்து வயல்ல நின்னு கூப்பிட்டா. பாவி மக, நல்லதுக்குத்தான் கூப்பிட்டா. முன்னாடி போன வாத்து நின்னுடுச்சு. அந்தப் பக்கம் நீ கூப்பிடுற, இந்தப் பக்கம் அவ கூப்பிடுறா, அதே இழுப்பு, அதே மூச்சு. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நட்டநடு ரோட்டுல கழுத்த இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டு நின்னுச்சுங்க. லாரிக்காரன் ஒலி எழுப்புனான். எழுப்பி என்ன?

எழுபத்தி மூணு.

பொறுக்கும்போது ரோடெல்லாம் வழுக்குச்சு. முட்டை போடுற பருவம், உள்ள இருந்த முட்டையெல்லாம் உடைஞ்சு தார் மேல மஞ்சளா ஓடுச்சு. முட்டைக்காரர் ரோட்டோரம் உக்காந்து வாந்தி எடுத்தாரு. பெட்டிய நிறுத்த யாருக்கும் தோணல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. முதல்ல உங்க கூட்டம் "குவாக் குவாக்"னு கத்துச்சு. அப்புறம் நீ சொன்ன ரெண்டாம் பாதி வந்துச்சு. ஏழு நிமிசமும் கேட்டேன். குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே கேட்டேன். அவளும் கேட்டா.

நல்லாத்தான் ஊதியிருக்க. அவ மூச்சு அப்படியே இருக்கு. நல்லா இருக்கிறதுதான் எனக்கு இன்னும் அதிகமாக் குமட்டுது.

மாமா

மார்ச் 25

அன்புள்ள மாமாவுக்கு,

முதலாளியம்மாவிடம் சண்டை போட்டு அந்தப் படத்தை நீக்க வைத்துவிட்டேன். ஆனால் அதைத் தங்கள் போனில் பிடித்து வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. வெளியே போனது போனதுதான் என்கிறார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கடிதம் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் பாட்டை வாசித்தேன். வாயால் கூப்பிடவில்லை, கேலி பேசவில்லை, வாத்து என்ற வார்த்தையே எடுக்கவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் வாசித்துவிட்டு முடித்துக்கொள்ளலாம், அதுதான் அக்காவுக்கு மரியாதை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். டிரம்பெட்டை வாயில் வைத்ததும் கூட்டம் தானாகவே கத்த ஆரம்பித்தது. முன்வரிசையில் ஓர் அம்மாள் அலகு மாதிரி கையைக் குவித்துக் காட்டினாள். நான் வாசிக்க வாசிக்க அவர்கள் கத்தினார்கள். நிறுத்தச் சொல்லி மைக்கில் கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள், அதுவும் ஆட்டத்தில் ஒன்று என்று.

நான்தானே பழக்கினேன்.

பாதியில் இறங்கிப் படியேறி வெளியே வந்து, அக்கா நின்ற இடத்தில் நின்றேன். கைப்பிடி பிசுபிசுப்பு கையில் இருந்தது. எட்டு வருடமாக அந்தப் படியில் ஏறி இறங்குகிறேன், அன்றுதான் தெரிந்தது.

அந்தப் பாட்டை இனி வாசிக்கமாட்டேன். முதலாளியம்மா ஞாயிற்றுக்கிழமையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நான் ஊருக்கு வர வேண்டும் மாமா. அக்கா காலில் விழவோ கதை சொல்லவோ இல்லை. பொழுது சாயும்போது ஒரு பக்கம் நின்று வாத்து அடைக்க உதவுகிறேன், அவ்வளவுதான். வரட்டுமா என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சினன்

மே 20

மாப்ளைக்கு மாமா எழுதிக்கிறது.

பதிலுக்குக் காத்திருந்திருப்ப. அவ பதில் சொல்ல இத்தனை நாளாச்சு, நான் என்ன செய்யட்டும்?

மீதி இருந்த மந்தைய வித்தாச்சு. நான் ஒத்துக்கல. "அதான் அந்தப் படத்த அழிச்சுட்டானாம்ல, பழையபடி கூப்பிடு"ன்னேன். "யாரு வாயில எல்லாம் இருக்கோ, எனக்கெப்படித் தெரியும்?"னா. ஏத்தி விடுற அன்னிக்கு வண்டிக்குள்ள இருந்து அதுங்க கத்துன கத்து, அவ கொட்டாய்க்குள்ள போயி நின்னுக்கிட்டா. ஒரு கூப்பாடு போட்டிருந்தா அத்தனையும் வண்டியவிட்டுக் குதிச்சிருக்கும். போடல. வாயில துணிய வெச்சு அமுக்கிக்கிட்டு நின்னத நான் பாத்தேன். பாத்தது அவளுக்குத் தெரியாது.

மறுநாளே பொரிச்ச குஞ்சு முந்நூறு வாங்கிட்டு வந்தா. பஞ்சு உருண்டை மாதிரி, மஞ்சளா. உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வயசுல அதுங்களுக்கு வெயிலும் ஆகாது ஈரமும் ஆகாது, கண்ணுக்குள்ள வெச்சுப் பாக்கணும். பூனை ஒண்ணு சுத்துது, ஒரு கண்ணு இல்லாத பூனை, அத விரட்டுறதே எனக்கு முழுநேர வேலையாப் போச்சு. பூனைக்குக் கண்ணு போன கதை ஒண்ணு இருக்கு, அத இன்னொரு நாள் சொல்றேன்.

புதுக் கூப்பாடு ஒண்ணு கட்டியிருக்கா. தெனமும் பொழுது சாயும்போது கொட்டாய்க்குள்ள போயி, கதவச் சாத்திக்கிட்டு, குஞ்சு காதுல போடுறா. அது எப்படி இருக்கும்னு என்னக் கேக்காத. எனக்குத் தெரியாது. முதல் நாள் நானும் பின்னாடியே உள்ள போனேன். இத்தனை வருசமா அப்படித்தானே. தீனித் தட்டக் கையில வாங்கிக்கிட்டு, "நீங்க கொஞ்சம் ரோட்டுப் பக்கம் போயிட்டு வாங்க"ன்னா. கோவமா சொல்லல. சண்டை போட்டிருந்தாக்கூடத் தேவலாம். சந்தைக்குப் போயிட்டு வாங்கன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா. மறுநாளும் சொன்னா. மூணாம் நாள் அவ சொல்றதுக்குள்ள நானே சட்டையப் போட்டுக்கிட்டேன். அந்தப் பக்கம் இருக்கிற பஸ் நிறுத்தத்துல போயி உக்காந்திருக்கேன். காத்து இந்தப் பக்கம் அடிச்சா காதப் பொத்திக்கிறேன். திருட்டுத்தனமாக் கேட்டுட்டு அவகிட்ட எப்படி வாய் தெறக்குறது? பஸ்ஸுக்காரங்க எல்லாரும் நிறுத்தி நிறுத்தி, "ஏறலையா பெரியவரே?"ங்கிறாங்க. இப்ப பழகிட்டாங்க, நிறுத்துறதில்ல.

உன்னப் பத்தி நேத்து அவளே பேச்செடுத்தா. துணியப் பிழிஞ்சு கொடியில போட்டுக்கிட்டே சொன்னா. அப்படியே எழுதுறேன், என் வார்த்தை ஒண்ணும் இதுல இல்ல.

"தம்பிய வரச் சொல்லுங்க. எப்ப வேணாலும் வரட்டும். சோறாக்கிப் போடுறேன், அவனுக்குப் புடிச்சதெல்லாம் எனக்குத் தெரியும். படுத்துத் தூங்கணும்னா மத்தியானம் தூங்கட்டும். வாத்து அடையுற நேரத்துல மட்டும் அவன் இங்க இருக்க வேணாம்."

"சின்னப் புள்ளையில இருந்து கேட்டு வளந்தவன்"னு சொல்லிப் பாத்தேன்.

"அதான்"னா.

அதனால காலையில முதல் வண்டியில வந்துடு. உன் ஊதுகுழல வேணும்னா கொண்டு வா, வேணாம்னா வேணாம், அதப் பத்தி அவ ஒண்ணும் சொல்லல. சாயங்காலம் நாலு பத்துக்கு ரயிலடிக்குப் போற பஸ் ஒண்ணு இருக்கு. நானே கூட வந்து ஏத்தி விடுறேன். நீ போனப்புறம் நான் அங்கேயேதான் உக்காந்திருப்பேன். அவ அடைச்சு முடிச்சுக் கதவச் சாத்துற வரைக்கும் எனக்கும் கொட்டாயில வேலை இல்ல.

மாமா